பொய் என்று நான் படித்தது

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ராஸ்கோ தன் கைபேசியைக் கொண்டுவந்து என் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மேல்வரிசை முன்பல் நான்கும் போனதிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம்.

"லெம், இது என்னன்னு பாருடா. காசு வந்திருக்குன்னு சொல்லுது போல. எனக்கு டாலர் அடையாளம் மட்டுந்தான் தெரியுது."

"அது உனக்குத் தூக்கத்துலகூடத் தெரியுமே," என்றாள் வெர்னா. தொடைக்கறி பிரிக்கும் லைனில் எனக்கு எதிரே நிற்பவள். சாப்பிடும்போதும் எதிரேதான்.

கையைத் துடைத்துக்கொண்டு அந்த மின்னஞ்சலைப் படித்தேன். கோழி ஆலைத் தொழிலாளர்கள் போட்ட கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்திருக்கிறது. ராஸ்கோ பெட்வே, உங்கள் பங்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது டாலர். காசோலையாக வேண்டுமா, வங்கிக் கணக்கில் வேண்டுமா என்று வரும் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் உங்கள் பங்கு ரத்தாகும்.

இரண்டாம் தடவையும் படித்தேன். அர்த்தம் முதல் தடவையே புரிந்துவிட்டது. அதில் என் பெயர் எங்காவது இருக்கிறதா என்றுதான் மறுபடி தேடினேன். பிறகு என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். டயர் கடைக்காரன் அனுப்பிய தள்ளுபடி விளம்பரம் ஒன்று இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றான் ராஸ்கோ.

"அவசரப்படாத. நாலு இடத்துல விசாரிச்சுத்தான் சொல்லணும்."

"விசாரி, விசாரி. வக்கீல்னா விசாரிக்கத்தான் வேணும்." கையை எடுக்காமலே சிரித்தான். "இது நிஜமா இருந்தா பல்லு கட்டிக்குவேன் லெம். டாக்டர்கிட்ட விலைகூடக் கேட்டு வச்சிட்டேன். ஈஸ்டருக்குச் சபையில பாடிடலாம்."

ரொட்டியை மென்றேன்.

அந்த வக்கீல் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலையில் கத்தியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை ஏராளம். வெள்ளை மேலங்கி, அதன்மேல் பிளாஸ்டிக் ஏப்ரன், கைச்சட்டை, கம்பிக் கையுறை, தலைக்கு வலை, காதுக்கு அடைப்பான். ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். திரும்பும்போது எல்லாவற்றையும் கழுவிக் கழற்ற வேண்டும். லைன் ஓடும் நேரத்துக்கு மட்டுமே கூலி. மாட்டுகிற நேரத்துக்கும் கழற்றுகிற நேரத்துக்கும் கிடையாது. வழக்கு அதற்காகத்தான். யாரோ வேலையை விட்டுப் போனவர்கள் போட்டது.

போன வருடம் அது சம்பந்தமாக எல்லார் வீட்டுக்கும் ஓர் அட்டை வந்தது. ஒரு பாதியில் பொடி எழுத்து. மறுபாதியைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் போட வேண்டும். தபால் செலவை அவர்களே கட்டியிருந்தார்கள். அந்த அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயதில்தான் எழுத்து வந்தது, நூலகத்து வகுப்பில். அங்கே இரண்டு வாரம் முழுக்க ஏமாற்றுக் கடிதங்களைப் பற்றியே பாடம். 'உங்களுக்குப் பணம் பெறும் உரிமை இருக்கலாம்' என்று ஆரம்பிக்கும் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பு ஆசிரியை திருமதி டனவே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அட்டையின் முதல் வரி அச்சு அசலாக அதுவே.

எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். "இன்னைக்குக் கையெழுத்துக் கேப்பான், நாளைக்கு வீட்டப் புடுங்குவான். குப்பையில போடுங்க" என்றேன். முப்பது பேருக்கு மேல் வரிசையாக வந்து போட்டார்கள். சிப்ரியானோ தன் மச்சானுடைய அட்டையையும் வீட்டிலிருந்து எடுத்துவந்து போட்டான். அன்றைக்குத்தான் வெர்னா என்னை வக்கீல் என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது ஏற்பட்ட சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ராஸ்கோவிடம் மட்டும் போடுவதற்கு அட்டை இல்லை. வந்த அன்றே அனுப்பிவிட்டானாம். "ஸ்டாம்பு சும்மா வந்திருக்குன்னு எர்லீன் சொன்னா. அத எதுக்கு வீணாக்கணும்?" என்றான். எர்லீன் அவன் மனைவி. தபால் செலவு கட்டிய அட்டை எது வந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவன் வழக்கம். விதைக் கம்பெனி, இன்ஷூரன்ஸ், சவப்பெட்டிக்காரன் என்று எதையும் விடமாட்டான். ஒருமுறை ஒருவன் அவன் வீட்டுக்குப் புதுச் சுவர்ப்பலகை அடிக்க ஏணியோடு வந்து இறங்கினான். அதைச் சொல்லி அன்றைக்கும் எல்லாரும் சிரித்தோம். என் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

இப்போது அந்த முட்டாள் கையெழுத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். படித்துப் பார்த்தவனுக்கு டயர் விளம்பரம்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை கரும்பலகையை நம்புவதாக இல்லை. ராஸ்கோ தன் பாதி அட்டையை சின்ன லாரியின் வெயில் மறைப்பில் செருகி வைத்திருந்தான். அதைக் கேட்டு வாங்கியிருந்தேன். அதிலிருந்த எண்ணும் மின்னஞ்சலில் இருந்த எண்ணும் ஒன்று. வழக்கு எண்ணை நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் நானே தட்டித் தேடினேன். இருந்தது. நீதிபதி ஒப்புதல் கொடுத்த தேதியும் இருந்தது. மின்னஞ்சல் முன்பணம் கேட்கவில்லை, ரகசிய எண் கேட்கவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். மின்னஞ்சலில் இருந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நீதிமன்றப் பக்கத்தில் கண்ட வக்கீல் அலுவலக எண்ணுக்குப் பேசினேன்.

ஒரு பெண் எடுத்தாள். "ஆமாங்க சார், நாங்க அனுப்பினதுதான். அவர திங்கக்கிழமைக்குள்ள பட்டன அழுத்தச் சொல்லுங்க."

"அதே லைன்ல நிக்கிற இன்னொரு ஆளு. லெமுவேல் டிப்ஸ்னு. அவரு பேரு இருக்கா?"

தட்டிப் பார்த்தாள். "கம்பெனி குடுத்த பட்டியல்ல இருக்கு. ஆனா அட்டை திரும்பி வரலியே. வந்திருந்தா இவரவிட அவருக்குக் கொஞ்சம் கூடவே கிடைச்சிருக்கும். நாலு மாசம் முன்னாடி சேந்திருக்காரு."

நன்றி சொல்லி வைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ராஸ்கோவும் நானும் பத்தொன்பது வருடம் தோளோடு தோள் இடிக்க நின்றவர்கள். அவன் கட்டைவிரல் என்றைக்கு மரத்துப்போனது என்று எனக்குத் தெரியும். என் மனைவி செத்தபோது மூன்று நாள் என் வீட்டில் படுத்திருந்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் அவன் எழுந்து பாட ஆரம்பித்தால் நான் அவனை வெறுப்பேன். முதல் அடி முடிவதற்குள் கிழவிகள் கையைத் தூக்கிவிடுவார்கள். பாஸ்டர் கில்லியம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவன் அதற்காக எந்த வகுப்புக்கும் போகவில்லை. பிறக்கும்போதே தொண்டையில் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பல் போனபின் சொற்கள் சீறுகின்றன என்று வெட்கப்பட்டு இரண்டு வருடமாக அவன் பாடவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் பாஸ்டர் வேதபாடம் வாசிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். சபையின் ஞாயிறு நிகழ்ச்சித் தாளில் என் பெயரை அச்சில் போட்டார்கள். நான் எழுந்தால் சபை அமைதியாகிறது. அவனுடைய பல் போனது எனக்கு நல்லதாகத்தான் போயிற்று. ஈஸ்டருக்கு அவன் பாடினால் அன்று நான் வாசித்தது எந்த அதிகாரம் என்று ஒருவனுக்கும் நினைவிருக்காது.

இன்னொன்றும் உண்டு. அவன் கையில் பணம் வந்த நிமிடமே முப்பது பேருக்கும் தெரிந்துவிடும், தாங்கள் குப்பையில் போட்டது என்ன என்று.

வியாழக்கிழமை லைனில் நின்றுகொண்டே கேட்டான். காதை அடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் குரல் எடுபடாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். பேச வேண்டும் என்றால் முகத்தைத் திருப்பிக் காட்டுவோம். பேச விருப்பமில்லை என்றால் குனிந்துகொள்வோம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ராஸ்கோ முகத்தைத் திருப்பி, "என்ன ஆச்சு?" என்று உதட்டை அசைத்தான். நான் தொடைக்கறிமேல் குனிந்தேன். மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் குனிந்தேன்.

இடைவேளையில் தப்ப முடியவில்லை.

"அத விட்ரு ராஸ்கோ," என்றேன். "எனக்குச் சரியாப் படல."

"பொய்யா?"

"இந்த மாதிரி நெறையச் சுத்துது. பட்டன அழுத்தினா உன் கணக்குல இருக்கிறதையும் உருவிட்டுப் போயிருவான்."

"நீ ஏன் வக்கீலே, அந்தக் குளிர்பானப் பெட்டியப் பாத்துச் சொல்ற?" என்றாள் வெர்னா. "ராஸ்கோ, எதுக்கும் என் மககிட்ட ஒரு தடவ காட்டு. அவ ஆபீஸ்ல வேலை பாக்கிறவ."

"எதுக்கு? லெம் ஒரு சாயங்காலம் பூரா எனக்காக அலைஞ்சிருக்கான்." ராஸ்கோ கைபேசியை என்னிடம் நீட்டினான். "அழிக்கிறது எதுடா? இந்தக் குப்பைத்தொட்டிப் படமா?"

"ஆமா."

அழித்தான். பிறகு தன் டப்பாவிலிருந்த சோளரொட்டியில் பாதியைப் பிட்டு எனக்கு வைத்தான். நான் தின்றேன்.

சனிக்கிழமை முழுக்க மனம் லேசாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது. புல் வெட்டினேன். மறுநாள் வாசிக்க வேண்டிய பகுதியைக் கண்ணாடி முன்னால் நின்று நான்கு தடவை வாசித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கும்போது நடுவில் ஒரு நீளமான பெயரில் இடறி நின்றுவிட்டேன். "நிதானமா வாசிங்க பிரதர், நேரம் கெடக்கு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ராஸ்கோதான். சீறலோடு வந்தது. எல்லாரும் "ஆமென்" என்றார்கள். வாசித்து முடித்து உட்கார்ந்தேன்.

காணிக்கை எடுத்தபின் அவன் எழுந்து முன்னால் போனான். பாஸ்டர் அவனை அழைத்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷமா உங்க முன்னாடி வாயத் திறக்காம இருந்தேன்," என்றான். கையை வாயிலிருந்து எடுத்திருந்தான். "பல்லுக்குக் காசு வரட்டும், அப்புறம் பாடிக்கலாம்னு இருந்தேன். இந்த வாரம் வர்ற மாதிரி வந்துச்சு. நம்ம பிரதர் டிப்ஸ் எனக்காக அலைஞ்சு விசாரிச்சாரு. அது திருட்டுப் பசங்க வேலைன்னு கண்டுபிடிச்சுக் காப்பாத்திட்டாரு. அவரு மட்டும் இல்லேன்னா இருக்கிறதையும் இழந்திருப்பேன். எழுந்திரிங்க பிரதர் டிப்ஸ், எல்லாரும் பாக்கட்டும்."

சபை முழுக்கத் திரும்பியது. பாதி எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆகையினால காசு வராது, பல்லும் வராது," என்றான் ராஸ்கோ. "இருக்கிற வாயிலதான் பாடணும். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க."

பாடினான். சொல்லுக்குச் சொல் காற்று ஓடியது. இரண்டு இடத்தில் என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை. மூன்றாம் அடிக்குள் கிழவிகளின் கைகள் உயர்ந்துவிட்டன. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். எர்லீன் எழுந்து நின்று அழுதாள். முன்பைவிட இது மோசம். முன்பெல்லாம் குரலுக்காக அழுதார்கள், இன்றைக்கு அவனுக்காக அழுதார்கள். நான் கைதட்டினேன். தட்டத் தட்ட உள்ளே எரிந்தது. அவன் பல்லைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டாலும் இது என் பக்கம் வராது என்று அப்போது தெரிந்தது.

ஆராதனைக்குப் பின் கூடத்தில் சாப்பாடு. கெளுத்தி மீன் பொரியலும் கீரையும். தட்டோடு வரிசையில் நின்றால் வருகிறவர் போகிறவர் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நீங்க பண்ணினது பெரிய காரியம் பிரதர்." ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ, அதற்குமேல் என்னால் முடியவில்லை. நல்ல மனது வந்துவிட்டதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனிடமிருந்து வந்த அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் எனக்குக் கொடுப்பதும் நான் வாங்கிக்கொள்வதுமாகவே பத்தொன்பது வருடம் போயிருந்தது.

ராஸ்கோ மரநிழலில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெர்னா.

"அந்த மெயில் நிஜம்," என்றேன்.

"எந்த மெயில்?"

"உன் மெயில். காசு உனக்குத்தான். நாளைக்குக் கடைசி நாள்."

அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "தப்பாப் படிச்சிட்டியா, இல்ல பொய் சொன்னியா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. பொய் சொன்னேன் என்றால் பாவி. தப்பாகப் படித்தேன் என்றால், நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று படிக்கிற லெமுவேல் டிப்ஸுக்குப் படிக்கத் தெரியாது. என் நாக்கு தயங்காமல் பாவத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

"பொய் சொன்னேன். சரியாத்தான் படிச்சேன். வக்கீல் ஆபீசுக்குப் பேசிகூடப் பாத்தேன்."

"ஏன்?"

"நீ பாடுவேன்னுதான்."

ராஸ்கோ என்னைப் பார்த்தான். லைனில் உதட்டைப் பார்ப்பதுபோல, முகத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். வெர்னா தட்டைக் கீழே வைத்தாள்.

"இரு. மெயில் நிஜம்னா, போன வருஷம் வந்த அட்டை?"

"அதுவும் நிஜம்."

"அதுலயும் பொய் சொன்னியா?"

"இல்ல வெர்னா. அது தப்பாப் படிச்சது."

அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"முப்பத்தஞ்சு பேரு," என்றாள் வெர்னா. குரலை உயர்த்தவே இல்லை. "என் அட்டைய நானே உன் கையில குடுத்தேன். நீ கிழிச்சுப் போட்ட."

ராஸ்கோ கைபேசியை எடுத்து நீட்டினான். "குப்பையிலேருந்து எடுக்க முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

முடியும். முப்பது நாள் அங்கேயே கிடக்கும் என்று எனக்கு வியாழக்கிழமையே தெரியும். எடுத்தேன். அவனுடைய லாரி முகப்பின்மேல் வைத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன். வெர்னா தன் மகளை வரவழைத்து என் பின்னால் நிறுத்திவிட்டாள், நான் படிப்பது சரியா என்று பார்க்க. காசோலை என்ற இடத்தில் ராஸ்கோ தன் விரலாலேயே அழுத்தினான். மரத்த கட்டைவிரல், இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"திங்கக்கிழம லைன்ல நீ அந்தப் பக்கம் நின்னுக்கோ," என்றான். "நான் சிப்ரியானோ பக்கத்துல நின்னுக்கிறேன்."

திங்கட்கிழமை இடைவேளையில் எல்லார் முன்னாலும் வக்கீல் அலுவலகத்துக்குப் பேசினேன். குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னாள் வெர்னா. அதே பெண்தான் எடுத்தாள். காலம் கடந்துவிட்டது, ஆனால் ஆளுக்கொரு கடிதம் எழுதி, ஏன் அட்டை அனுப்பவில்லை என்ற காரணத்தைச் சொந்த வார்த்தையில் சொன்னால் நீதிபதி முன் வைப்போம், அவர் மனது வைத்தால் உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றாள்.

"எழுதறதுக்கு இவன் இருக்கான்," என்றாள் வெர்னா.

அப்படியே ஆயிற்று. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் நான் சாப்பிடவில்லை, எழுதினேன். ஒருவர் பின் ஒருவராக எதிரே வந்து உட்கார்ந்து காரணம் சொன்னார்கள். சிப்ரியானோ தனக்கும் மச்சானுக்கும் சேர்த்துச் சொன்னான், "படிச்சவர்னு நம்பினோம்" என்று. கிழங்கு மாதிரி விரல்களோடு ஒரு பெரியவர் யோசித்து யோசித்து, "எனக்கு அவர் மேல கோபமில்லன்னு போட வேணாம், கோபம் இருக்கு" என்றார். அதையும் எழுதினேன். ராஸ்கோ தூரத்து மேசையில் உட்கார்ந்து முட்டைக்கோஸைக் கடைவாயால் மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு எழுத வேண்டிய கடிதம் இல்லை. இடையிடையே ஏதோ பாட்டை முணுமுணுத்தான், சுற்றியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் என் எழுத்து கோணியது.

வெள்ளிக்கிழமை வெர்னா வந்து உட்கார்ந்தாள்.

"எழுது. அட்டை என் கையில இருந்துச்சு. கையெழுத்துப் போடப் பேனாகூட எடுத்துட்டேன். லெமுவேல் டிப்ஸ் படிச்சுப் பாத்துட்டுத் திருட்டுன்னு சொன்னாரு. அவரே கிழிச்சாரு." நிறுத்தினாள். "முழுப் பேரப் போட்டியா?"

"போட்டேன்."

"கண்ணாடி கொண்டுவரல. எங்க இருக்குன்னு விரல வச்சுக் காட்டு."

காட்டினேன். அவள் குனிந்து என் விரல் இருந்த இடத்தை நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"உன்னோடது எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"கடைசியா எழுது," என்று நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "எல்லாத்தையும் முடிச்சிட்டு."